முதுகில் வைத்த கை

என் புருஷன் லீலண்டுக்கு நடுப்பார்வை போய்விட்டது என்பது அந்த வசந்தத்தில் கண் டாக்டருக்கும் எனக்கும் லீலண்டுக்கும் மட்டும்தான் தெரியும். இதில் லீலண்டைச் சேர்க்கலாமா என்பதே சந்தேகம். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வதில் அவரை மிஞ்ச நெப்ராஸ்காவில் ஆள் கிடையாது.

குருடு என்று சொல்லிவிட முடியாது. ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரியும். வேலி தெரியும், கொட்டகை தெரியும், வாசலில் நாய் குறுக்கே ஓடினால் தெரியும். எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் இருக்காது. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புகை. சாப்பாட்டு மேஜையில் எதிரே நான் உட்கார்ந்தால் என் முகம் இருக்க வேண்டிய இடத்திலும் அந்தப் புகைதான். "நல்லதாப் போச்சு, இனிமே நான் முறைக்கிறது உனக்குத் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் திட்டமாகச் சொல்லிவிட்டார். லீலண்ட் நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினார். திரும்பி வரும்போது அவர்தான் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "வலது ஒடி, போதும், எதிர்ல டிராக்டர் வருது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அதுவே பழக்கமாகிவிட்டது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து ஸ்டியரிங்கை விட்டுக்கொடுக்காத மனுஷன் திடீரென்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனால், பெட்ரோல் பங்க்கில் காப்பி குடித்துக்கொண்டு ஊர் வம்பு பேசுகிற கூட்டம் அன்றைக்கே விஷயத்தைக் கறந்துவிடும். அதற்குப் பயந்து அவர் ஓட்டினார், நான் பார்த்தேன். எங்கள் மகன் டாரிலுக்கும் மருமகள் கெண்ட்ராவுக்கும் பிறந்த பேத்தி ஜோசியை வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து கூட்டி வருவதும் இப்படித்தான். மண் ரோடுதான், எதிரே வண்டி வருவதே அபூர்வம். இருந்தாலும் அந்தக் குழந்தை பின்சீட்டில் பாடிக்கொண்டு வரும்போது என் ஒரு கை ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயேதான் இருக்கும்.

"டாரில்கிட்ட சொல்லிடு" என்பேன்.

"சொல்றேன்."

"எப்ப?"

"சோளம் அறுத்து முடியட்டும்."

சோளம் அறுத்து முடிந்தது. கிறிஸ்துமஸ் போகட்டும் என்றார். கிறிஸ்துமஸ் போனது. பசுக்கள் கன்று போடட்டும் என்றார். பிப்ரவரி மாதம் ஒரு காலை, நான் முட்டையைக் கிளறிக்கொண்டிருந்தபோது அவராகவே ஆரம்பித்தார்.

"ஒரே ஒரு வான்கோழிச் சேவல், ஆர்லிஸ். இந்த வசந்தத்துல ஒண்ணே ஒண்ணு அடிச்சுக்கறேன். அன்னிக்கே டாரிலைக் கூப்பிட்டுச் சொல்லிடறேன். வில்லையும் கொடுத்துடறேன், வண்டிச் சாவியையும் கொடுத்துடறேன்."

"கண்ணு தெரியாம எப்படி அடிப்ப?"

"உனக்குத் தெரியுதே."

முட்டை தீய்ந்துபோனது. அந்தப் பேச்சுக்கு நான் ஒத்துக்கொண்டேன். வேறு எந்த வழியிலும் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வராது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

காட்டு வான்கோழியைத் துப்பாக்கியால் யாரும் அடித்துவிடலாம் என்பது லீலண்டின் கட்சி. வில்லால் அடிக்க வேண்டுமென்றால் அதன் கண்ணை ஏமாற்ற வேண்டும். மோப்பம் கிடையாது அந்தப் பறவைக்கு, ஆனால் கண் இருக்கிறதே, வில்லை இழுக்கிற கையின் அசைவு பட்டால் போதும், அடுத்த நொடி அந்த இடத்தில் இருக்காது. அதனால்தான் தரையோடு மறைப்புக் கூடாரம் போடுவது. உள்ளே கறுப்புத் துணி, நாங்களும் கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை. எதிரே மட்டும் ஒரு சின்னத் திறப்பு. வெளியே பொம்மைக் கோழி ஒன்று நிற்கும். மரப்பெட்டியின் மூடியை உரசி லீலண்ட் பெட்டைக் குரலில் கூப்பிடுவார். அதற்குக் கண் தேவையில்லை. அவர் கூப்பிட்டால் எனக்கே எழுந்து போகலாமா என்று இருக்கும்.

குளிர்காலத்தின் மிச்ச நாளெல்லாம் டிராக்டர் கொட்டகையில் பழகினோம். அவர் முக்காலியில் உட்கார்ந்து வில்லை இழுப்பார். கப்பி வைத்த வில், மணிக்கட்டில் கட்டிய பட்டையில் இருக்கிற விசையை அழுத்தினால் நாண் விடுபடும். நான் பின்னால் மண்டியிட்டு, அவர் தோளுக்கு மேலே தாடையை வைத்து அம்பின் வழியே பார்ப்பேன். என் வலது கை அவர் முதுகில் விரிந்திருக்கும். சுண்டுவிரல் அழுத்தினால் வலது. கட்டைவிரல் அழுத்தினால் இடது. உள்ளங்கை மேலே நகர்ந்தால் மேலே. ஒரு தட்டுத் தட்டினால் விடு. கையையே எடுத்துவிட்டால் நிறுத்து, வில்லை இறக்கு. பேச்சே கிடையாது. பனி உருகும் சமயத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் அம்புகள் விழ ஆரம்பித்தன. அன்று லீலண்ட் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. எனக்கில்லை, அவருக்கு.

உண்மையைச் சொன்னால், அந்தக் கொட்டகை நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னை அவ்வளவு நம்பியது அதற்கு முன்னால் கிடையாது.

வில் சீசன் தொடங்கிய முதல் வாரமே ஒரு சேவல் வந்தது. தோகையை விரித்துக்கொண்டு, தலை சிவந்து, பொம்மைக் கோழியைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் தட்டினேன். அம்பு கிளம்பியதற்கும் பட்டதற்கும் நடுவில் அது ஓர் எட்டு வைத்துவிட்டது. நெஞ்சில் பட வேண்டியது தொடையில் பட்டது. அம்போடு ஓடி செடார் புதருக்குள் புகுந்துவிட்டது. பகல் முழுக்கத் தேடினோம். அதாவது நான் தேடினேன், லீலண்ட் பின்னால் நின்றுகொண்டு "அங்க பாரு, இங்க பாரு" என்றார். மறுநாள் வானத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் சுற்றியபோதுதான் இடம் தெரிந்தது.

அவர் அதன் பக்கத்தில் குந்தி இறகைத் தடவினார். "என் தப்பு" என்றார். விசையை அழுத்தியது அவர். குறி வைத்தது என் கை. அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, ஆனால் அதற்கப்புறம் எனக்கு என் விரல்கள் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. சமையலறையில் கத்தியை எடுக்கும்போதுகூட அந்தத் தொடை ஞாபகம் வந்தது.

மறைப்பையும் அந்த வாரமே இடம் மாற்றும்படி ஆனது. வருஷக்கணக்காக அது வயலின் மேற்குக் கோடியில், காற்றாலைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அங்கே போக வாய்க்கால் மேல் பலகையில் நடக்க வேண்டும். லீலண்ட் அந்தப் பலகையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். விழுந்தார் என்று சொல்லக் கூடாதாம், இறங்கினாராம். அதனால் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், குதிரைமசால் தீவன வயலின் கிழக்கு ஓரத்தில், வேலிக் கதவுக்குப் பக்கமாகப் போட்டோம். செடார் கிளைகளை வெட்டி நாலு பக்கமும் செருகினேன். சற்றுத் தள்ளிப் போய் நின்றால் எனக்கே கூடாரம் இருக்கும் இடம் தெரியவில்லை. அவ்வளவு நன்றாக மறைத்துவிட்டேன் என்று பெருமையாக வேறு இருந்தது.

டாரிலிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பான்.

அந்தப் புதன்கிழமை விடிந்தபோது உயரமான காட்டன்வுட் மரங்களில் இரவு தங்கியிருந்த வான்கோழிக் கூட்டம் கூவிக்கொண்டே கீழே இறங்கியது. லீலண்ட் மரப்பெட்டியை உரசினார். கொஞ்ச நேரத்தில் ஒரு சேவல் மட்டும் பிரிந்து எங்களை நோக்கி நடந்து வந்தது. நெஞ்சிலிருந்து தாடி மாதிரித் தொங்குகிற மயிர் புல்லில் உரசுகிற அளவு கிழம். லீலண்ட் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். வில் எழுந்தது. என் கை அவர் முதுகுக்குப் போனது.

அது பொம்மைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அசையவில்லை. இதைவிட நல்ல நிலை யாருக்கும் கிடைக்காது. அம்பின் முனையும் அதன் இறக்கையும் ஒரே கோட்டில் இருந்தன. தட்டினால் போதும். அன்றைக்கு மத்தியானமே டாரில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பான், எல்லாம் பேசி முடிந்திருக்கும். நான் வேண்டிக்கொண்டதே அதுதான்.

என் கை தட்டவில்லை. தொடையில் அம்போடு ஓடுகிற பறவைதான் கண்ணுக்குள் நின்றது. கையை எடுத்துவிட்டேன்.

லீலண்ட் வில்லை மெதுவாக இறக்கினார். சேவல் அலுத்துப்போய்த் திரும்பி, வயலின் நடுவில் மேய்ந்த பெட்டைகளிடம் போய்விட்டது.

"என்ன ஆச்சு?" என்றார் கிசுகிசுப்பாக.

"தூரம் ஜாஸ்தி."

"தூரமா? அது மூச்சு விடறது எனக்குக் கேட்டுச்சு."

"கேக்கும். காத்து அப்படி அடிக்குது."

"காத்தே இல்ல, ஆர்லிஸ்."

அவர் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினார். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போதெல்லாம் அப்படித்தான் திருப்ப வேண்டும்.

"என் கண்ணு போனதும் நீ எனக்குக் கண்ணா இருக்கேன்னு சொன்ன. பொய் சொல்ற கண்ணை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அப்படின்னா வேற கண்ணைப் பாத்துக்க. குளிர்ல மண்டி போட்டு உக்காந்து முழங்கால் செத்துப்போச்சு எனக்கு."

"இனிமே நீ கையை எடுத்தாலும் நான் நம்பமாட்டேன்."

"நம்பாத."

இப்படித்தான் பேசிக்கொண்டோம், கறுப்புத் துணிக்குள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டு. பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தேன். வாங்கவில்லை. நானே குடித்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

வெயில் நன்றாக ஏறிவிட்டது. அந்தக் கிழச்சேவல் இடது பக்கம் தூரத்தில் பெட்டைகளுக்கு நடுவில் தோகை விரித்து நின்றது, எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மூட்டை கட்டலாம் என்று வாயெடுத்தேன். அப்போதுதான் எதிரே வடக்கு மேட்டின் அடியில் இருக்கிற பள்ளத்திலிருந்து இன்னொரு தோகை எழுந்தது.

முதலில் விளிம்பு மட்டும், செம்பு நிறத்தில். அப்புறம் பாதி வட்டம். வெயில் எங்களுக்குப் பின்னாலிருந்து அடித்ததால் ஒவ்வொரு இறகும் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு எட்டு வரும், நிற்கும், பக்கவாட்டில் ஒரு ஆட்டு ஆட்டும், மறுபடி வரும். கிழச்சேவல் அதைப் பார்த்துவிட்டுக் கோபமாகக் கூவியது. சண்டைக்கு வருகிற புதுச் சேவல் என்று நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"ஒண்ணு வருது" என்றேன். "நேர் எதிர்ல. பெரிசு."

லீலண்ட் வில்லை எடுத்துவிட்டார். காலையில் செய்த துரோகத்துக்கு இது ஈடாகட்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இந்த முறை தட்டிவிட வேண்டும். உள்ளங்கையை அவர் முதுகில் வைத்தேன். அவர் இழுத்தார்.

கட்டைவிரல் லேசாக. இன்னும் லேசாக. போதும். உள்ளங்கையைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். தோகையின் நடுவுக்குச் சற்றுக் கீழே, உடம்பு இருக்கிற இடத்தில் அம்பின் முனை போய் நின்றது. கொட்டகையில்கூட அவ்வளவு கச்சிதமாக அமைந்ததில்லை. பள்ளத்திலிருந்து முழுசாக மேலே வரட்டும், தட்டிவிடலாம் என்று காத்திருந்தேன்.

மேலே வந்தது. தோகைக்குக் கீழே கால்கள் இல்லை. ஒரு கையுறை இருந்தது. பெருவிரலில் வெள்ளி நிற டேப் சுற்றிய கையுறை. பனியில் கம்பி வேலி கட்டும்போது கிழிந்ததைத் தைக்கச் சோம்பல்பட்டு டேப் சுற்றிக்கொண்டவன் என் மகன். அதற்குப் பின்னால் ஜீன்ஸ் துணியில் ஒரு முழங்கால் புல்லில் ஊன்றியது.

கையை எடுத்தேன்.

வில் இறங்கவில்லை.

"வேணாம்" என்றேன். "லீலண்ட், வேணாம். அது டாரில்."

அவர் தோள் இறுகுவதை என் தாடை உணர்ந்தது. நான் கத்தவில்லை. முழு உடம்பையும் அவர் முழங்கை மேல் போட்டேன். அதே நொடியில் விசை விழுந்தது.

அம்பு இறகுகளைக் கிழித்துக்கொண்டு போன சத்தம் ஒரு துணியைக் கிழிக்கிற மாதிரி இருந்தது. தோகை சாய்ந்தது. வயலில் இருந்த அத்தனை வான்கோழியும் ஒரேயடியாக எழும்பிப் பறந்தன. நான் கூடாரத் துணியைக் கையால் பிய்த்துக்கொண்டு வெளியே விழுந்தேன். எழுந்து ஓடினேனா, தவழ்ந்தேனா, தெரியாது.

டாரில் புல்லில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை, உள்ளேயும் சரி, வெளியேயும் சரி. தோகையின் ஓரம் கிழிந்து தொங்கியது. சட்டைத் தோளில் ஒரு கோடு மாதிரி கிழிசல், உள்ளே தோல் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அவன் தலையைப் பிடித்துப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி எல்லா இடத்தையும் தடவினேன்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றான். பல் கிட்டித்தது. "ஒண்ணும் இல்ல. நீங்க எங்க இங்க? தொட்டிப் பக்கம்தானே இருப்பீங்க?"

லீலண்ட் வில்லோடு நடந்து வந்தார். அவருக்கு முன்னால் அவன் பேச ஆரம்பித்துவிட்டான்.

"என் தப்புதாம்ப்பா. ரெண்டு வசந்தமா உங்களுக்கு ஒண்ணுகூடக் கிடைக்கல. மேட்டுல இருந்து பைனாகுலர்ல பாத்தேன், அந்தக் கிழம் உங்க பக்கம் போற வழியக் காணோம். தோகையைக் காட்டிக் கோபப்படுத்தினா என்னைத் துரத்தும், அப்படியே பின்னால நகந்து தொட்டிகிட்ட கொண்டுவந்து விட்டுட்டு நான் வாய்க்கால்ல நழுவிடலாம்னு. உங்க பொம்மையைப் பாத்து நிஜக் கோழின்னு நினைச்சு, அதுகிட்ட போனா கிழத்துக்குப் பொறுக்காதுன்னு இந்தப் பக்கம் வந்தேன். என்னை மாதிரி மடையன் உண்டா?"

எங்கள் பக்கத்தில் செத்த சேவலின் காய்ந்த தோகையை முன்னால் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போவது பையன்கள் எல்லாரும் செய்கிற காரியம். துப்பாக்கி சீசனில் செய்தால் உயிர் போகும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தருகிறார்கள். வில் சீசன்தானே, அப்பா எங்கே உட்கார்ந்திருப்பார் என்று தெரியுமே, பக்கத்தில் வந்தால்தானே விடுவார் என்று இவன் கணக்குப் போட்டிருக்கிறான். எல்லாக் கணக்கும் சரி. நாங்கள் சொல்லாமல் விட்டதைத்தான் அவனால் கணக்கில் சேர்க்க முடியவில்லை.

டாரில் கிழிந்த தோகையைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கப் பார்த்தான்.

"இந்தத் தூரத்துல இதை அடிச்சிருக்கீங்க பாருங்க. இந்த வயசுலயும் உங்க கண்ணு கண்ணுதாம்ப்பா. ஒரு ஜாண் இந்தப் பக்கம் வந்திருந்தா..." அதை முடிக்கவில்லை.

நான் லீலண்டைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். இதைவிட வேறு நேரம் வராது.

"தோகையைப் பிடிச்சுக்கிட்டு ஊர்ந்து வராதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றார் லீலண்ட்.

"சொல்லியிருக்கீங்க."

"கேட்டியா?"

"இல்லப்பா. தப்புதான்." டாரில் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "கெண்ட்ராவுக்கு மட்டும் தெரிய வேணாம். என்னைத் தொலைச்சுடுவா."

"சரி. நமக்குள்ளயே இருக்கட்டும்."

நாற்பது வயதை நெருங்குகிறவன், அப்பா அம்பு தோளை உரசிப் போன இடத்தில் கையை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறான். இவர் மன்னித்துக்கொண்டிருக்கிறார். டாரில் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினான். பேச்சை மாற்றுவதற்காகத்தான் அடுத்ததைக் கேட்டிருப்பான்.

"வெள்ளிக்கிழமை ஜோசியை நீங்கதானே கூட்டிட்டு வர்றீங்க?"

"ஆமா" என்றார் லீலண்ட். "எப்பவும் போலத்தான்."

"இல்ல" என்றேன் நான்.

இருவரும் திரும்பினார்கள்.

"டாரில், உங்கப்பாவுக்குக் கண்ணு தெரியல. நேரா இருக்கறது எதுவும் தெரியாது. இப்ப உன் மூஞ்சி அவருக்குத் தெரியாது. போன அறுவடைக்கு முன்னாலேர்ந்தே அப்படித்தான்."

டாரில் சிரித்தான். அப்பாவைப் பார்த்தான். லீலண்ட் மறுக்காததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"வண்டி ஓட்டினாரே. குளிர்காலம் பூரா ஓட்டினாரே."

"நான் பக்கத்துல உக்காந்து வழி சொன்னேன்."

"ஜோசியை வச்சுக்கிட்டா?"

அவன் லீலண்டிடம் திரும்பினான்.

"கண்ணு தெரியலன்னா எப்படிப்பா அம்பு விட்டீங்க?"

"உங்கம்மாதான் குறி வச்சா" என்றார் லீலண்ட். "என் முதுகுல கை வச்சு. அவளுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். அவளையே கேளு."

பொய்யில்லை. அதனால்தான் அது அப்படிச் சுட்டது. டாரில் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் என்னைப் புதிதாகப் பார்க்கிற ஆளைப் போலப் பார்த்தான்.

"ஆமா" என்றேன். "நான்தான் வச்சேன். உன்னைச் சேவல்னு நினைச்சேன். அப்புறம் உன் கையுறையைப் பாத்தேன். கையை எடுத்தேன். உன் பேரைச் சொன்னேன்."

"அப்புறம் ஏன் அம்பு வந்துச்சு?"

"அவர் நம்பல. காலைல நல்ல நிலையில நின்ன சேவலைத் தூரம்னு பொய் சொல்லிக் கையை எடுத்துட்டேன். அதான் நம்பல."

லீலண்டுக்கு நான் அந்தக் காரணத்தை எடுத்துக் கொடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் மூன்று பேருக்கும் வீட்டுக்குப் போக ஒரு வழி கிடைத்திருக்கும். அவர் வில்லைத் தரையில் வைத்தார். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"இல்ல, ஆர்லிஸ்" என்றார். "பையன் பேரைச் சொல்லி நீ பொய் சொல்லமாட்ட. அது எனக்குத் தெரியும். விசையை அழுத்தறதுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சா ஏன்?"

"வில்லை இறக்கிட்டா அதோட முடிஞ்சுது. இனிமே ஒண்ணும் கிடையாது. அந்த ஒரு நொடி எனக்கு அது மட்டும்தான் இருந்துச்சு. வேற யாரும் இல்ல."

டாரில் தோளைத் தடவிக்கொண்டே நின்றான். அப்புறம் அவன் கையை நீட்டி, "சாவி" என்றான். லீலண்ட் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பொம்மையையோ கூடாரத்தையோ யாரும் எடுக்கவில்லை. வண்டிக்குப் போனதும் லீலண்ட் தானாகவே சுற்றிக்கொண்டு ஸ்டியரிங் இல்லாத அந்தப் பக்கக் கதவுக்குப் போனார். நான் நடுவில் உட்கார்ந்தேன்.

டாரில் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினான். வாசலில் எங்களை இறக்கிவிட்டபோது எஞ்சினை அணைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை ஜோசியை நானே கூட்டிக்கறேன்" என்றான். "கெண்ட்ராகிட்டயும் இன்னிக்கே சொல்லிடறேன். இனிமே ஜோசி இங்க வந்தா நாங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் கூடவே இருப்போம்."

அதை அவன் அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னான். எனக்குக் கண் நன்றாகத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.